உப்பு கட்டிய குழாய்

4 மார்ச் 2025
அணுமின் நிலைய ஊழியர் முகாம்

அண்ணனுக்கு,

அன்புள்ள என்று எழுதக் கை வரவில்லை. என் எண்ணை நீ போனில் தடுத்து வைத்து இரண்டு வருடமாகிறது. கங்கா அண்ணியைக் கூப்பிட்டால், "அவரு மில்லுக்குப் போயிட்டாரு" என்ற ஒரே பாட்டு. இருபத்து நாலு மணி நேரமுமா மில்லில் இருக்கிறாய்? அதனால்தான் இந்தக் கூரியர். கையெழுத்துப் போட்டு வாங்கியவன் பிரிக்காமல் இருக்க முடியாது.

"உலகத்துல எங்க வேணும்னாலும் போ, அந்த இடத்துக்கு மட்டும் போகாத" என்று மலேசியாவில் நம் புக்கிட் ரோத்தான் வீட்டு வாசலில் நின்று கத்தினாயே, அங்கேதான் வந்திருக்கிறேன். ஒன்பது வருடத்துக்கு முன் நீ வெல்டிங் செய்து கட்டிய நிலையம். எரிபொருள் மாற்றுவதற்காக ஐம்பது நாள் நிறுத்தியிருக்கிறார்கள். அதற்குள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்களில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. தங்கச்சி தன்னைவிடப் பெரிய வேலைக்குப் போகிறாள் என்ற பொறாமையில் கத்துகிறாய் என்று அப்போது நினைத்தேன்.

நேற்றைக்கு அந்த நினைப்புப் போய்விட்டது. கீழ்த்தளத்தில் ஒரு குழாய் அறை. குழாயைச் சுற்றியிருந்த இன்சுலேஷனைக் கழற்றி, வெல்டிங் செய்த ஜாயின்டில் சிவப்புத் திரவத்தைத் தடவி, ஊறவிட்டு, துடைத்து, மேலே வெள்ளைப் பொடி அடித்தேன். நல்ல குழாய் என்றால் வெள்ளை வெள்ளையாகவே நிற்கும். ஒரு நிமிடம் அப்படித்தான் நின்றது. பிறகு ஒரு சிவப்புப் புள்ளி வந்தது. அது ஒரு கோடானது. கோடு கிளை விட்டது. கிளையிலிருந்து இன்னொரு கிளை. விரிசலுக்குள் தங்கிய திரவம் திரும்பிக் கசிகிறது, அவ்வளவுதான். ஆயிரம் தடவை பார்த்திருக்கிறேன். ஆனாலும் ஓரடி பின்னால் நகர்ந்துவிட்டேன்.

ஜாயின்டின் ஓரத்தில் வெல்டர் எண் பொறித்திருந்தது. 47. உன் எண்.

கழற்றிய இன்சுலேஷனின் அடிப்பக்கத்தில் கருகிய துணி முடிச்சு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தேன். உள்ளே கல் உப்பு, கடுகு, இரண்டு காய்ந்த மிளகாய். நம் வீட்டில் திருஷ்டிக்குச் சுற்றி, லோரியின் முன் பம்பரில் கட்டுவோமே, அதே முடிச்சு.

உப்பும் சூடும் சேர்ந்தால் இந்த ஸ்டீல் உள்ளுக்குள் பிளந்துகொண்டே போகும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவனே நீதான். வேர்வைக் கையோடு குழாயைத் தொட்டதற்காக என் கையைத் தட்டிவிட்டவனும் நீதான். உனக்கு என்ன பைத்தியமா?

முடிச்சை ஒரு பையில் போட்டு மறைத்து வைத்திருக்கிறேன். அறிக்கையில் "காரணம் தெரியவில்லை" என்று எழுதினேன். என் வேலையில் நான் எழுதிய முதல் பொய். ஒரே ஒரு கேள்வி. எத்தனை ஜாயின்டில் கட்டினாய்?

புனிதவதி


12 மார்ச் 2025
புக்கிட் ரோத்தான்

இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கூரியர்காரனிடம் கையெழுத்துப் போட்டபோது கங்கா பக்கத்தில் நின்றாள். வங்கிக் கடிதம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். போன் செய்யாதே. அவள் காதில் விழ வேண்டாம். தவிர, நீ இருக்கும் முகாமில் எல்லாப் பேச்சையும் ஒட்டுக்கேட்பார்கள், எனக்குத் தெரியும்.

ஒன்றுதான் கட்டினேன். விளையாட்டுப் புத்தி என்று வைத்துக்கொள். புது லோரிக்குக் கட்டுகிறோம், புது வீட்டுக்குக் கட்டுகிறோம், புதுக் குழாய்க்குக் கட்டினால் என்ன என்று தோன்றியது. சுத்தம் பார்க்க வந்த அதிகாரி போன பிறகு கட்டினேன். இன்சுலேஷன் போட்டவர்கள் நம் ஊர் ஆட்கள், கண்டும் காணாததுபோல் மூடிவிட்டார்கள். அந்த ஒன்றை நீ கண்டுபிடித்துவிட்டாய். வெட்டி எடுத்து வேறு போடச் சொல். விஷயம் முடிந்தது.

இங்கே எல்லாரும் நலம். செம்பனை எண்ணெய் மில்லில் பழக் குலைகள் மலைபோல் வந்து குவிகின்றன. நான் இப்போது வெல்டிங் தொடுவதில்லை, ஆட்களை மேய்க்கிறேன். மழை இல்லை.

நீ எதற்காக அங்கே இருக்க வேண்டும்? உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பி வா. டிக்கெட்டுக்கு நான் அனுப்புகிறேன். வரமாட்டாய் என்றால் ஒன்று செய். அந்தக் குழாய் அறைக்குத் தனியாகப் போகாதே. யாரையாவது கூட வைத்துக்கொள்.

அங்கே ஏதாவது சத்தம் கேட்டதா?

உடையப்பன்


19 மார்ச் 2025
முகாம்

அண்ணா,

ஒன்று என்று எழுதினாய். உன் பேச்சை நம்பாமல் 47 என்ற எண் இருக்கும் இன்னும் நாலு ஜாயின்டைத் திறந்தேன். இரண்டில் முடிச்சு. இரண்டிலும் விரிசல். ஒன்றில் குழாயின் கனத்தில் பாதி போய்விட்டது. வெளியிலிருந்து பார்த்தால் கண்ணாடிபோல் பளபளக்கிறது, கை வைத்தால் வழுக்குகிறது. உள்ளே பிளந்து கிடக்கிறது.

உன் மரமண்டையில் ஏறும்படி ஒரு தடவை சொல்கிறேன். ஏப்ரல் இருபதாம் தேதி நிலையத்தைத் திரும்ப இயக்குவார்கள். குழாய்களில் சூடான தண்ணீர் அழுத்தத்தோடு பாயும். அப்போது ஒவ்வொரு அறையாக நடந்து, எங்காவது கசிகிறதா என்று கண்ணால் பார்க்க ஒருவர் போக வேண்டும். கீழ்த்தளத்துக்கு என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். ஒன்று விட்டுப்போனாலும் அதற்குக் கீழே நிற்கப் போகிறவள் நான்.

ஆயிரக்கணக்கான ஜாயின்ட் இருக்கிறது. எல்லா இன்சுலேஷனையும் கழற்ற நாள் இல்லை. உன் எண்ணில் மட்டும் முந்நூற்றுப் பதினாறு. எனக்குப் பட்டியல் வேண்டும்.

சத்தம் கேட்டதா என்று எதற்குக் கேட்டாய்? அதை ஏன் எழுதினாய்?

கேட்டது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி. குழாயில் தண்ணீர் இல்லை, பம்பு ஓடவில்லை, சூடும் இல்லை. ஜாயின்டில் காது வைக்கும் தூரத்தில் உட்கார்ந்து பொடி காய்வதற்காகக் காத்திருந்தேன். குழாய்க்குள் யாரோ தட்டினார்கள். மூன்று தடவை. ஒரே அளவு இடைவெளி விட்டு. மேல்தளத்தில் யாராவது வேலை செய்கிறார்களா என்று ரேடியோவில் கேட்டேன். யாரும் இல்லை என்றார்கள். சாரம் கட்டும் ஆட்கள் அதற்குள் இறங்கிப் போய்விட்டார்கள். அந்த அறைக்கு வரமாட்டோம் என்று அவர்களுடைய மேற்பார்வையாளரிடம் சொல்லியிருக்கிறார்கள். காரணம் சொல்லவில்லையாம்.

நான் பயப்படுகிறவள் இல்லை, உனக்குத் தெரியும். ஆனால் நான் சொல்வதற்கு முன்பே நீ எப்படிக் கேட்டாய்?

புனிதவதி


26 மார்ச் 2025
புக்கிட் ரோத்தான்

புனிதா,

நாலு நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பளசாமியை உனக்கு நினைவிருக்கும். சுங்கை ஆயர் தாவார்க்காரன். என் உதவியாள். நம் வீட்டுக்கு வந்தால் உன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவான். அங்கே வேலை செய்த காலத்தில் குழாய்க்குள் மூச்சடைத்து இறந்தான்.

ஸ்டெயின்லெஸ் குழாயை வெல்டிங் செய்யும்போது உள்பக்கம் கருகாமல் இருக்க, குழாய்க்குள் ஆர்கன் கேஸ் நிரப்ப வேண்டும். உனக்குத் தெரிந்ததுதான். அதற்கு மணமில்லை, நிறமில்லை. காற்றைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். நான் ஒரு முனையில் வெல்டிங் டார்ச்சோடு நிற்பேன். அப்பளசாமி மறு முனையில் நிற்பான். சுவருக்கு அந்தப் பக்கம் என்பதால் ரேடியோ எடுக்காது. அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம். கேஸ் நிரம்பியதும் அவன் குழாயில் மூன்று தட்டுத் தட்டுவான். தொடங்கு என்று அர்த்தம். நம் வட்டாரத்திலிருந்து போன நாங்கள் ஏழு பேரும் அப்படித்தான் வேலை செய்தோம். மேலதிகாரிகளுக்கு இது தெரியாது.

அவன் இறந்து எட்டாம் நாள் வேலைக்குத் திரும்பினேன். புது உதவியாள் இன்னும் வரவில்லை. மறு முனையில் யாருமில்லை. நான் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கினேன். மூன்று தட்டுக் கேட்டது.

அன்றைக்கு வெல்டிங் முடித்து, உப்பு முடிச்சுக் கட்டினேன். உப்பு ஸ்டீலுக்கு விஷம் என்று தெரியாமல் கட்டவில்லை புனிதா. தெரிந்தேதான் கட்டினேன். அந்த நேரத்தில் எனக்கு ஸ்டீல் பெரிதாகப் படவில்லை. கட்டிய ஜாயின்டில் திரும்பக் கேட்காது. அடுத்ததில் கேட்கும். அதிலும் கட்டுவேன்.

மொத்தம் பதினொன்று. எண்களைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். ஒன்றுகூட மறக்கவில்லை. மறக்க முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போன வெள்ளிக்கிழமை மதியம், தொழுகை நேரத்துக்காக மில்லை நிறுத்தியிருந்தார்கள். நீராவி இல்லை. நான் பெரிய குழாயின் பக்கத்தில் நின்று சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டியது. சோற்றுப் பொட்டலத்தைப் போட்டுவிட்டு வெளியே ஓடி வந்தேன். ஆட்களின் மேஸ்திரியான மண்டோர் சிவானந்தம், "என்னாலா உடையப்பா, வேர்த்துக் கொட்டுது, வெயிலு தாங்கலையா?" என்று சிரித்தான். ஆமாம் என்று சொன்னேன்.

பட்டியல் கொடுத்துவிட்டேன். என் வெல்டர் சான்றிதழ் போனால் போகட்டும். இனிமேல் அந்தக் குழாயின் பக்கம் போகாதே, உன் காலில் விழுகிறேன்.

அண்ணன்


3 ஏப்ரல் 2025
முகாம்

அண்ணா,

பட்டியலில் மிச்சமிருந்த எட்டையும் திறந்தோம். பதினொன்றிலும் முடிச்சு. பதினொன்றிலும் சிவப்புக் கிளை. வெட்டி மாற்றுகிறார்கள். எல்லா முடிச்சுகளையும், முதலில் மறைத்து வைத்ததையும் மேலதிகாரியிடம் ஒப்படைத்து, அறிக்கையில் எழுதிய பொய்யையும் சொல்லிவிட்டேன். ஆட்கள் குறைவு என்பதால் வேலை முடியும் வரை வைத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு என்ன செய்வார்களோ தெரியாது.

அப்பளசாமி அண்ணனைப் பற்றி எழுதியதைப் படித்து அழுதேன். அதற்காக உன்னை விட்டுவிடுவேன் என்று நினைக்காதே. சின்ன வயதிலிருந்து உன்னைப் பார்க்கிறேன். பத்துத் தப்புச் செய்தால் ஒன்பதை ஒத்துக்கொள்வாய். அழுதுகொண்டே ஒத்துக்கொள்வாய். பெரியதை மட்டும் அடியில் வைத்திருப்பாய்.

பழைய வேலைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். 2016 ஜூன் 9, அப்பளசாமி இறந்த தேதி. அன்றைக்குக் காலை பதினொன்றே கால் மணிக்கு விபத்து என்று எழுதியிருக்கிறது. உத்தரவு இல்லாமல் குழாய்க்குள் நுழைந்தார் என்றும் எழுதியிருக்கிறது. அதே நாள் மாலை நாலு மணிக்கு ஒரு ஜாயின்ட் முடித்ததாகக் கையெழுத்து. வெல்டர் 47. அந்த வரியில் கேஸ் அளவு எழுத வேண்டிய கட்டம் காலி. வேறு எந்த வரியிலும் காலி இல்லை.

எந்த ஜாயின்ட் என்ற இடத்தில் எண்ணை அடித்துத் திருத்தியிருக்கிறாய். படிக்க முடியவில்லை. உன் பட்டியலில் இருப்பவை எல்லாம் அந்தத் தேதிக்குப் பிறகு முடித்தவை, இது அதில் இல்லை.

நேற்று மத்தியானம் கடைசி அறையில் இருந்தேன். அங்கே ஆள் தவழ்ந்து போகக்கூடிய அளவுக்குப் பெரிய குழாய்கள் மூன்று ஓடுகின்றன. இந்த முறை மூன்று தட்டு இல்லை. முதலில் மூன்று கேட்டது. பிறகு, கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக ஒன்று. கை ஓய்ந்துபோனவர் தட்டியது போல. எந்தக் குழாயிலிருந்து என்று கண்டுபிடிக்கும் முன் நின்றுவிட்டது.

இன்னும் பதினேழு நாள். எது என்று சொல்.

புனிதா


7 ஏப்ரல் 2025

புனிதா,

தபாலுக்கு நேரம் இல்லை. இதை எழுதி, படம் எடுத்து, கங்காவின் போனிலிருந்து அனுப்புகிறேன். அவள் படித்துவிட்டாள். படித்துவிட்டு அடுப்படிக்குப் போனவள் இன்னும் வெளியே வரவில்லை.

மூன்றில் நடுக்குழாய். சுவரிலிருந்து இரண்டாவது ஜாயின்ட்.

கேஸ் ஓடிவிடாமல் இருக்க உள்ளே காகிதத் தடுப்பு ஒட்டுவோம். அன்றைக்கு அது கிழிந்திருந்தது. நான்தான் அப்பளசாமியை உள்ளே போய் ஒட்டச் சொன்னேன். உத்தரவு இல்லாமல் அவன் போகவில்லை. "அஞ்சு நிமிஷம்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான். அவசர வேலை, மேலே இருந்து நெருக்கிக்கொண்டிருந்தார்கள். அவன் வெளியே வந்திருப்பான் என்று நானே நினைத்துக்கொண்டு கேஸைத் திறந்தேன். கண்ணால் பார்க்கவில்லை. கூப்பிட்டுக் கேட்கவில்லை.

மூன்று தட்டுக் கேட்டது. தொடங்கு என்று எடுத்துக்கொண்டேன். டார்ச்சைப் பற்றவைத்தேன். அவன் உள்ளேயிருந்து தட்டியிருக்கிறான்.

அவனைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, மாலைக்குள் அந்த ஜாயின்டை முடிக்கச் சொன்னார்கள். முடித்தேன். ஆனால் கேஸ் வால்வில் கை வைக்க முடியவில்லை. கேஸ் இல்லாமலே வெல்டிங் செய்தேன். உள்பக்கம் சீனிப்பாகு அடிப்பிடித்ததுபோல் கருகியிருக்கும். எக்ஸ்ரே எடுக்க வந்தவனுக்குப் பக்கத்து ஜாயின்டைக் காட்டினேன்.

அதில் உப்புக் கட்டவில்லை. அதைத் தொடவே எனக்குத் துணிவு வரவில்லை.

இதை எழுதிவிட்டேன். இனி நீ என்ன வேண்டுமானாலும் செய்.


14 ஏப்ரல் 2025
முகாம்

அண்ணா,

இன்றைக்கு ஊரில் சித்திரைப் புத்தாண்டு. இங்கே ரொட்டியும் பருப்பும்.

உன் படம் வந்த அன்றைக்கே நடுக்குழாயைத் திறந்தோம். வெளிப்பக்கம் சிவப்புத் திரவம் தடவினேன். வெள்ளைப் பொடி வெள்ளையாகவே நின்றது. மேலதிகாரி, "இது நல்லாத்தான் இருக்கு" என்று அவருடைய மொழியில் சொல்லிவிட்டுக் கிளம்பப் பார்த்தார். உட்காருங்கள் என்று சொல்லி, ஒலி அலைக் கருவியை வைத்தேன்.

விரிசல் உள்ளேயிருந்து வந்திருக்கிறது. கருகிய இடத்தில் தொடங்கி, வெளியே வர வழி தேடிக்கொண்டே வந்திருக்கிறது. குழாயின் கனம் ஒன்பது மில்லிமீட்டர். ஓரிடத்தில் இரண்டுதான் மிச்சம். திரையில் அந்த எண்ணைப் பார்த்ததும் மேலதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நிலையத்தை இயக்கும் தேதியைத் தள்ளிவைத்துவிட்டார்கள். நீ எழுதாமல் இருந்திருந்தால், இருபதாம் தேதி காலை நான் டார்ச்லைட்டோடு அதன் அடியில் நின்றிருப்பேன்.

உன் கடிதத்தை மொழிபெயர்த்து அறிக்கையோடு சேர்த்துவிட்டேன். உன் பெயரை மறைக்கவில்லை. என் பெயரையும் மறைக்கவில்லை. விசாரணைக்கு உன்னைக் கூப்பிடுவார்கள். என்னை இந்த மாதக் கடைசியில் அனுப்பிவிடுகிறார்கள். திரும்ப இந்த வேலையில் சேர்ப்பார்களா என்று தெரியாது. வருத்தம் இருக்கிறது. இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

அந்த ஜாயின்டை வெட்டி எடுத்த பிறகு சத்தம் நின்றுவிட்டது என்று எழுத ஆசைதான். நிற்கவில்லை. நேற்றும் கேட்டது. வெட்டிய துண்டு மேசைமேல் இருக்கிறது, அந்தக் குழாயே அங்கே இல்லை, ஆனாலும் கேட்டது. நீ என்னிடம் மட்டும் சொல்லியது போதாது போலிருக்கிறது.

அப்பளசாமி அண்ணன் மனைவி நாகமணி அக்காவைப் போய்ப் பார். ஒன்பது வருடமாகத் தன் புருஷன் சொல் பேச்சுக் கேட்காமல் செத்தார் என்று ஊர் சொல்வதை அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் வரும்வரை காத்திருக்காதே. தனியாகப் போ.

புனிதா


20 ஏப்ரல் 2025
சுங்கை ஆயர் தாவார்

புனிதா,

நாகமணி வீட்டு முன்வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். காகிதம் அவர்கள் வீட்டுடையது.

காலையில் கிளம்பினேன். சுங்கை புரோங் வயல் பக்கம் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு மணி நேரம் நின்றேன். பிறகு வந்துவிட்டேன். நாகமணி காப்பி கொடுத்தார். குடிக்காமல் சொன்னேன். உள்ளே போகச் சொன்னது நான். கேஸைத் திறந்தது நான். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். முடித்த பிறகு நாகமணி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மூச்சு நின்னதே அவருக்குத் தெரியாது, தூங்குற மாதிரி போயிட்டாருன்னு நீங்கதானே அன்னிக்கு எங்கிட்ட சொன்னீங்க. அப்படித்தானேண்ணே?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. உனக்கு எழுதியதில்கூட இதை விட்டுவிட்டேன். மூன்று தட்டுக்குப் பிறகு, நான் வெல்டிங்கைத் தொடங்கிய பிறகு, மெதுவாக இன்னொரு தட்டுக் கேட்டது. அது எங்கள் வழக்கத்தில் இல்லாதது. நான் கையை நிறுத்தவில்லை. பாதியில் விட்டால் ஜாயின்ட் கெட்டுவிடும் என்று நினைத்தேன்.

"தெரிஞ்சிருக்கும்மா. தட்டிக்கிட்டே இருந்தான். எனக்குக் கேட்டுச்சு" என்றேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"ஒம்பது வருஷமா அந்த ஒரு வார்த்தைய வச்சுத்தாண்ணே தூங்கிக்கிட்டு இருந்தேன். இப்ப அதையும் எடுத்துட்டீங்க" என்றார்.

நான் எழுந்தேன். "ஒக்காருங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. "மாலா கிளினிக்குல வேல முடிஞ்சு வர்ற நேரம். அப்பா எப்படிச் செத்தாருன்னு அவளுக்கும் நீங்களே சொல்லுங்க. எங்கிட்ட சொன்ன மாதிரியே, ஒண்ணையும் விடாம."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் உட்கார்ந்திருக்கிறேன். கேட்டுக்கு வெளியே மோட்டார் வந்து நிற்கிறது. அந்தப் பெண் ஹெல்மெட்டைக் கழற்றுகிறாள். முகம் அப்படியே அவன் முகம். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "மாமா" என்று சிரிக்கிறாள்.